பாக்ஸ் செடி வேலியை இப்போதே வெட்டலாமா? உள்ளே நூலாம்படை வேறு

தோட்டப்புதுசு:
இங்கிலாந்தின் தென்பகுதியில் இருக்கிறோம். வீட்டோடு வந்தது இந்த பாக்ஸ் (boxwood, எப்போதும் பச்சையாக இருக்கும் சிற்றிலைப் புதர்ச்செடி) வேலி, முழங்கால் உயரம். மே கடைசி ஆகிவிட்டது, தளிர் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூலையில் உள்ள இரண்டு செடிகளைப் பந்தாக்க ஆசை, இப்போதே கத்தரி போடலாமா? அப்புறம், ஒரு பக்கம் இலை வைக்கோல் நிறமாகி உள்ளே நூலாம்படை மாதிரி தெரிகிறது. கருகல் நோயா?

மண்புழு:
நூலாம்படை இருந்தால் கருகல் நோய் இல்லை, பாக்ஸ் அந்துப்பூச்சியின் புழு. கிழக்காசியப் பூச்சி, பிரிட்டனில் 2007-இல்தான் முதலில் பார்த்தார்கள். இலையை விலக்கிப் பாருங்கள், பச்சை உடம்பில் கறுப்புக் கோடும் கறுப்புத் தலையுமாக இருக்கும். இவ்வளவு சின்ன வேலிக்குக் கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவதே போதும். முடியாவிட்டால் நெமட்டோடு (பூச்சிப் புழுவைக் கொல்லும் நுண்ணுயிர்ப் புழு) வாங்கி மாலையில், புழு மேலேயே படும்படி தெளியுங்கள், வெயிலில் காய்ந்தால் வீண். அக்டோபர் வரை அடுத்தடுத்த தலைமுறை வரும், அதனால் ஒரு தடவையோடு விடக்கூடாது. கருகல் நோய் வேறு, அது பூஞ்சை: இலையில் பழுப்புப் புள்ளி, தண்டில் கறுப்புக் கோடு, பிறகு இலை கொட்டி மொட்டை.

கத்தரிக்காரர்:
வெட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் பொறுங்கள். எப்சம் டெர்பி குதிரைப் பந்தயம் நடக்கும் ஜூன் தொடக்கம்தான் இங்கே பழைய கணக்கு, அதற்குள் வசந்தத்தின் கடைசி உறைபனி போயிருக்கும். மேகம் மூடிய, ஆனால் ஈரமில்லாத நாள் வேண்டும்: வெயிலில் வெட்டினால் இலை ஓரம் கருகும், ஈரத்தில் வெட்டினால் பூஞ்சை பரவும். கத்தரியைத் துடைத்துக்கொண்டு செடி மாறுங்கள். பறவைக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலியின் அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகியும் இருந்தால்தான் கீழ் இலைக்கு வெளிச்சம் கிடைக்கும். பந்துக்கு உச்சியிலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள், அடிக்கடி தள்ளி நின்று பாருங்கள். ஒரே வருஷத்தில் உருண்டை வராது, இது மெதுவாக வளரும் சாதி.

பச்சைவிரல்:
நானாக இருந்தால் பிடுங்கிவிட்டு யூ (yew) என்ற பசுமை மாறா மரம் வைப்பேன். வருஷம் முழுக்கப் புழு பொறுக்க யாருக்கு நேரம்?

மண்புழு:
பட்டையைப் புழு கடிக்காமல் விட்டிருந்தால் மொட்டைக் கிளையும் துளிர்க்கும். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் பிடுங்க வேண்டாம்.

தோட்டப்புதுசு:
பச்சைதான். புழுவும் இருக்கிறது, வாளியோடு இறங்கியாச்சு.