மூட்டு வலி உள்ள மாமியார், 4 வயசுப் பையன், 9 வயசுப் பொண்ணு: சென்னையில் சனி ஞாயிறு எங்கே போகலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் மாமியார் தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு தங்கப் போறாங்க. மால் வேண்டாம், அவங்களும் பிள்ளைகளும் சேர்ந்து ரசிக்கிற இடம் வேணும்.

வண்டலூர் பூங்கா பெரிசு, ஆனா பேட்டரி வண்டி இருக்கு, அதனால சமாளிச்சிடலாம். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் கண்டிப்பா போறோம். பழைய வீடுகளைத் திண்ணையும் முற்றமுமா அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க, அத்தை அதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை கதையா சொல்லுவாங்க. ரெண்டுக்குமே செவ்வாய்தான் விடுமுறை, வார இறுதிக்குத் தொல்லையில்லை.

என் கேள்வி வேடந்தாங்கல் பத்தி. நவம்பர்ல இருந்து மார்ச் வரை பறவைகள் நிறைய இருக்கும்னு தெரியும். ஏரிக்கரையில அத்தை எவ்வளவு தூரம் நடக்கணும்? நடுவுல உட்கார இடம் உண்டா? பறவை பார்க்கிற கோபுரம் ஏறாமலே கூடுகள் நல்லா தெரியுமா? கழிப்பறை எப்படி? போயிட்டு வந்தவங்க சொன்னா பெரிய உதவி.

இன்னொண்ணு, பொண்ணுக்குக் கடற்கரைக்கு முட்டையிட வர்ற பங்குனி ஆமையைப் பார்க்க ஆசை. அதுக்கு ஆமை தேடிப் போற குழுவோட நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில மணல்ல ஏறக்குறைய 7 கி.மீ. நடக்கணும். 9 வயசுப் பிள்ளை தாங்குமா? இல்லைன்னா மார்ச்சுக்கு மேல, சாயங்காலம் குஞ்சுகளைக் கடல்ல விடுறதை மட்டும் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமா? பிள்ளைகளோட போனவங்க அவசியம் எழுதுங்க.