கீல் இல்லாத அலமாரிக் கதவு: காடி எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். பொருள்களை அடுக்கிவைக்க 18 மி.மீ. ப்ளைவுட்டில் ஓர் அலமாரி செய்துகொண்டிருக்கிறேன். உள்ளளவு 1200 மி.மீ. அகலம், 900 மி.மீ. உயரம், 400 மி.மீ. ஆழம். அலமாரிக்கு முன்னால் கட்டில் நெருக்கமாகக் கிடப்பதால் கீல் வைத்த கதவைத் திறக்க இடமில்லை. ஆகவே 6 மி.மீ. ப்ளைவுட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நகரும் இரண்டு கதவுகளைச் செய்ய எண்ணியிருக்கிறேன். சக்கரம், தொங்கும் தண்டவாளம் போன்ற எதையும் வாங்காமல் மரத்திலேயே முடிக்க விருப்பம்.

முன்னோட்டமாக ஒரு சிறிய மாதிரி செய்து பார்த்தேன். மேலும் கீழும் 6 மி.மீ. ஆழத்தில் ஒரே மாதிரி காடி (கதவு ஓடும் பள்ளம்) எடுத்தேன். காடியில் கதவு அழகாக ஓடியது. ஆனால் மாதிரியைக் கழற்றாமல் அந்தக் கதவை உள்ளே மாட்டவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை! நான் எங்கே தவறினேன்?

பதில் 1

இதில் கை வைத்த எல்லோரும் முதலில் செய்கிற தவறுதான் இது. மேல் காடி கீழ்க் காடியைப் போல இரண்டு மடங்கு ஆழமாக இருக்க வேண்டும். கதவை முதலில் மேல் காடிக்குள் முழுவதும் ஏற்றி, அடிப்பக்கத்தை உள்ளே தள்ளி, பிறகு கீழ்க் காடியில் இறக்கிவிட வேண்டும். கீழே 6 மி.மீ., மேலே 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், உள் உயரத்தோடு 10 மி.மீ. கூட்டியது கதவின் உயரம். உங்களுக்கு 910 வரும். மேலே தூக்கும்போது அடிப்பக்கம் 2 மி.மீ. விலகி நிற்கும், இறக்கிய பிறகு மேல் விளிம்பு 4 மி.மீ. காடிக்குள் பிடித்திருக்கும்.

அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மூடிய நிலையில் இரு கதவுகளும் நடுவில் 40 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று மறைக்க வேண்டுமானால், 1200உடன் 40ஐக் கூட்டிப் பாதியாக்குங்கள்: ஒவ்வொன்றும் 620 மி.மீ.

கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு சிக்கல்: பெட்டியை நேற்றே பசை போட்டு, திருகி முடித்துவிட்டேன். இனி ரூட்டரை (காடி வெட்டும் மின்கருவியை) உள்ளே நுழைத்து மூலைவரை காடி எடுக்க முடியுமா?

பதில் 2

முடியாது. முடிந்தாலும் வேண்டாம் என்பேன். முதல் பதிலில் சொன்ன கணக்கு சரியே. ஆனால் 18 மி.மீ. பலகையில் 12 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்தால் மிஞ்சுவது 6 மி.மீ. மட்டுமே. அதன்மேல் பாரம் ஏற்றினால் மேற்பலகை தொய்யும்; மேலும், இரு காடிகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய ப்ளைவுட் சுவர் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

காடியை வெட்டுவதற்குப் பதிலாகக் கட்டை ஒட்டி உருவாக்குங்கள். கெட்டியான மரத்தில் மேலே 16 மி.மீ. உயரமும் கீழே 8 மி.மீ. உயரமும் உள்ள கட்டைகளை மும்மூன்றாக ஒட்டினால், அவற்றின் இடைவெளிகளே காடி. முன்கட்டையும் பின்கட்டையும் 10 மி.மீ. அகலம், நடுக்கட்டை 6, இடைவெளிகள் ஏழேழு. மொத்தம் 40 மி.மீ. உள் தட்டுகள் இந்த 40க்குப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். இந்த முறையில் கதவு அலமாரியின் தரையிலேயே நிற்பதால் அதன் உயரம் 910 அல்ல, 890 மி.மீ.

இடைவெளியை அளவுகோலால் குறிக்காதீர்கள். கதவுக்கு அடிக்கப்போகும் அதே வண்ணத்தை அடித்த ப்ளைவுட் துண்டோடு இரண்டு மூன்று அட்டைத் தாள்களைச் சேர்த்து, மெழுகு தேய்த்து, அதை இடையில் நிறுத்திக் கட்டைகளை ஒட்டுங்கள். வண்ணத்தின் கனத்தை மறந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து உப்புத்தாளோடு உட்கார்ந்தவன் நான். பிதுங்கி வரும் பசையை உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் அந்தச் சந்தில் உளி எளிதில் போகாது.

ஒட்டுவதற்கு முன் பெட்டியின் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். உங்கள் அளவுக்கு இரண்டும் சரியாக 1500 மி.மீ. இருக்க வேண்டும். பெட்டி கோணியிருந்தால், மூடிய கதவுக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே மேலே ஒட்டியும் கீழே விலகியும் ஒரு சந்து தெரியும்.

பதில் 3

கதவைப் பற்றிச் சில சொற்கள். இந்த அளவில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோதான் இருக்கும். சக்கரம் தேவையே இல்லை. காடிக்குள் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும்.

ப்ளைவுட்டின் மேல்முக நார் மேலிருந்து கீழாக ஓடும்படி கதவை வெட்டுங்கள், 890 மி.மீ. உயரத்துக்கு 6 மி.மீ. பலகை மெலிதுதான் என்பதால், நார் குறுக்காக ஓடினால் விரைவில் வயிறு தள்ளும். வண்ணமோ வார்னிஷோ எதை அடித்தாலும் இரு பக்கமும் ஒரே அளவில் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்து, பலகை வளைந்து, நடுவில் கதவுகள் உரசும். வெட்டிய கதவுகளைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சமதரையில் படுக்கவையுங்கள்.

கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பின்கதவில் இருந்தால் முன்கதவில் இடிக்கும். 35 மி.மீ. வட்டத் துளையே போதும். அதைப் பக்கப்பலகையை ஒட்டிய விளிம்பிலிருந்து 60 மி.மீ. தள்ளி, பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே போடுங்கள். உயரத்தில் பிடித்து இழுத்தால் கதவு சாய்ந்து காடியில் இறுகிக்கொள்ளும்.

கேட்டவர்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கீழ்க் காடியில் தூசி சேருமே, அதற்கு வழி உண்டா?

பதில் 2

கீழ் முன்கட்டையையும் நடுக்கட்டையையும் ஒரு முனையில் 30 மி.மீ. குறைத்து ஒட்டுங்கள். தூரிகையால் தள்ளினால் தூசி அந்த வழியாக வெளியே வந்துவிடும். மாட்டும்போது பின்கதவை முதலில் மாட்டுங்கள். முன்கதவு மாட்டியபின் பின்கதவைச் சாய்த்து நுழைக்க இடமிருக்காது.