ஆல்ட்டோ முன் ஆக்ஸில்: திருப்பத்தில் டக் டக் சத்தம், பூட் மட்டும் மாற்றினால் போதுமா?

அணக்கரை_ஏலம்
வணக்கம். 2009 ஆல்ட்டோ, அப்பா வாங்கிய வண்டி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏலக்காய் மூட்டையோடு புற்றடிக்குப் போய்வருவது, மாதம் இரண்டு முறை குமுளி மலை இறங்கிக் கம்பம் போவது, இவ்வளவுதான் ஓட்டம். ஒரு மாதமாக ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தால் இடது முன் சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். நேரே போனால் ஒன்றுமில்லை. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், அதன் மடிப்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்து, அதன்மேல் தோட்டத்து மண் அப்பியிருக்கிறது.

குமுளியில் காட்டினேன். "ஆக்ஸில் போயி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கம்பத்தில் ஒருவர், பூட் மாற்றி கிரீஸ் வைத்தால் போதும் என்கிறார். எது சரி? பிரேக் பேட், பால் ஜாயிண்ட் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். இதையும் வீட்டில் செய்யலாமா?

லோயர்கேம்ப்_டாக்ஸி
சத்தம் வருவதற்கு முன்னால் பார்த்திருந்தால் பூட் போதும் தம்பி. இப்போது நேரம் கடந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் ஜாயிண்ட் உடைந்தால் எஞ்சின் சுற்றும், வண்டி நகராது. சபரிமலை சீசனில் நடுரோட்டில் அப்படி நின்று பட்டிருக்கிறேன். தள்ளிப்போடாதீர்கள்.

கம்பம்_ஸ்பேனர்
தம்பி, குமுளிக்காரர் சொன்னதுதான் சரி. சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி ஜாயிண்டுக்குள் ஆறு குண்டுகள் பள்ளத்தில் ஓடும். பூட் கிழிந்து மண் உள்ளே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பள்ளம் தேயும். தேய்ந்த பள்ளத்தில் புது கிரீஸ் வைத்தால் சத்தம் நாலு நாள் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். வெளி ஜாயிண்ட் தனியாகவும் கிடைக்கும். ஆனால் இவ்வளவு ஓடிய வண்டியில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்டும் ஆட்டம் கண்டிருக்கும், முழு ஆக்ஸில் ஷாஃப்ட்டாகப் போட்டுவிடுங்கள். கூடவே கியர்பாக்ஸ் ஆயில் சீல், ஷாஃப்ட்டை கியர்பாக்ஸுக்குள் பிடித்து நிறுத்தும் லாக் ரிங், சக்கரம் மாட்டும் ஹப்பில் ஷாஃப்ட்டை இறுக்கும் ஹப் நட் மூன்றும் புதிதாக வாங்குங்கள். மூன்றும் சேர்ந்து ஷாஃப்ட் விலையில் கொஞ்சம்தான். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். திரும்பி வரும் வண்டியில் பாதி, பழைய சீலையே விட்டதால் ஆயில் ஒழுகி வருவதுதான்.

வீட்டில் செய்யலாம். நட்டின் உதட்டைப் பள்ளத்தில் மடக்கி அடித்திருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக் மிதிக்க, நட்டை இளக்குங்கள். ஜாக்கியில் தூக்கியபின் அதோடு மல்லுக்கட்டினால் வண்டி சரியும். தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள், ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள்.

கியர் ஆயிலை வடிக்க வேண்டும். அதற்கு முன் புது ஆயில் ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். சக்கரத்தைக் கழற்றி, பால் ஜாயிண்ட் போல்ட்டை எடுத்து, லோயர் ஆர்மைக் கீழே அழுத்தினால் ஹப் வெளியே சாயும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் நுனியில் பழைய நட்டை ஏற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். சுத்தியல் நேரே பட்டால் மரை காளான் மாதிரி விரிந்துவிடும்.

உள்பக்கம் ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கவே கூடாது, ஜாயிண்ட் பிரிந்து கையோடு வரும். கியர்பாக்ஸுக்கும் ஜாயிண்டுக்கும் நடுவில் தட்டை லிவர் கொடுத்து ஒரு நெம்பு. புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டு, நுனியில் இருக்கும் ஸ்ப்ளைன் பல்லையும் எண்ணிப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

அணக்கரை_ஏலம்
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். ஹப்பிலிருந்து ஷாஃப்ட் வரவில்லை, துரு பிடித்து ஒட்டிக்கொண்டது. எவ்வளவு பலமாக அடிக்கலாம்?

கம்பம்_ஸ்பேனர்
அடிக்காதீர்கள், பேரிங் போய்விடும். துரு இளக்கும் ஆயிலை ஸ்ப்ளைனில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். ஷாஃப்ட் இல்லாமலோ நட் முறுக்காமலோ வண்டியைச் சக்கரத்தில் உருட்டாதீர்கள், அதுவும் பேரிங்கைக் கெடுக்கும்.

அணக்கரை_ஏலம்
முடிந்தது அண்ணே. ஊறவிட்டதில் காலையில் நாலு தட்டில் வந்துவிட்டது. புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, பல் அதில் உரசாமல் மெதுவாக நுழைத்தேன். முதல் தடவை லாக் ரிங் உட்காரவில்லை. வெளியே எடுத்து, ரிங் நடுவில் நிற்கும்படி கிரீஸ் தடவி மறுபடி தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம், அப்புறம் இழுத்தால் வரவில்லை. நட்டை வண்டியைத் தரையில் இறக்கிய பின் டார்க் ரெஞ்சால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்கி, உதட்டைப் பள்ளத்தில் அடித்தேன்.

சாயங்காலம் அப்பாவை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வரை இறங்கினேன். பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்கள் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் திருப்பினேன். சத்தமே இல்லை. அப்பா ஜன்னலை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

வலது பக்க பூட்டிலும் மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. அடுத்த ஞாயிறு அந்த பூட்டை மாற்றிவிடுகிறேன்.