மதுரைத் திட்டத்துல படிச்ச குறுந்தொகைக்கு துணைநூற்பட்டியல்ல என்ன போடணும்?

தேனருவி

எல்லாருக்கும் வணக்கம். தமிழ் இலக்கியத்துல பிஎச்டி பண்றேன், குறுந்தொகைதான் முதன்மை ஆதாரம், சினாப்சிஸ் குடுக்க இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. போன வாரம் டிசி (ஆய்வைக் கண்காணிக்கற டாக்டரல் கமிட்டி) மீட்டிங்ல ஒரு மேடம் என் மூணாவது இயலைப் புரட்டிட்டு "செம்புலப் பெயனீருக்கு பக்கம் 214னு போட்டிருக்கியேம்மா, அந்தப் புத்தகம் கையில இருக்கா"ன்னு கேட்டாங்க, எனக்கு பேச்சே வரல. நான் பாட்டெல்லாம் படிச்சது பழைய தமிழ் நூல்களை இணையத்துல இலவசமா தர்ற மதுரைத் திட்டம் மின்னூல்ல. உ.வே.சா. பதிப்புன்னு எழுதினதும் பக்க எண் போட்டதும் வேற ஒரு ஆய்வேட்டைப் பாத்துதான். இணையம்னு போட்டா மதிப்பு இருக்காதுன்னு சீனியர்ஸ் சொன்னாங்க, நம்பிட்டேன். கைடு "கடைசில இணையதளங்கள்னு தலைப்பு போட்டு லிங்க்கை எல்லாம் வரிசையா ஒட்டிடும்மா"ங்கறார். அது போதுமா? ரெண்டு லிங்க் இப்பவே திறக்க மாட்டேங்குது, ஒரு விக்கிபீடியா கட்டுரையும் இருக்கு. ராத்திரி தூக்கம் வரல, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய வாத்தியார்

அம்மா, முதல்ல பயப்படாதீங்க, சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடியே மாட்டினது நல்லதுதான். எதைப் பாத்தீங்களோ அதைப் போடுங்க, பாக்காத புத்தகத்தைப் பாத்ததா போடக்கூடாது. இதுல மட்டும் விட்டுக்குடுக்கவே கூடாதுன்னு நான் 30 வருஷமா பசங்ககிட்ட சொல்லிட்டு வரேன். அந்த இன்னொரு ஆய்வேட்டுல பக்க எண் தப்பா இருந்தா அந்தத் தப்பும் இப்ப உங்க பேர்ல வந்துடும்.

சங்கப் பாட்டுக்கு பக்க எண்ணே தேவையில்ல. உங்க செம்புலப் பெயனீருக்கு குறுந். 40:4 அப்படின்னு பாட்டு எண், அடி எண் குடுத்தா எந்தப் பதிப்பை வெச்சிருக்கறவரும் கண்டுபிடிச்சிடுவார், அது அஞ்சடிப் பாட்டு, தேடவே வேண்டாம். ஆனா எந்தப் பதிப்போட பாடத்தை (பாட்டோட வாசகத்தை) எடுத்தீங்கன்னு பட்டியல்ல கட்டாயம் சொல்லணும். அதே பாட்டோட கடைசி அடியைப் பாருங்க, சீர் பிரிச்ச பதிப்புல "நெஞ்சந் தாங்கலந் தனவே"ன்னு இருக்கும், சந்தி பிரிச்சுப் போட்ட இடத்துல "நெஞ்சம் தாம் கலந்தனவே"ன்னு இருக்கும். நீங்க சொல்லமைப்பைப் பத்தி ஒரு வரி எழுதினாக்கூட இது பெரிய வித்தியாசம். சௌரிப்பெருமாள் அரங்கன் 1915ல பதிப்பிச்சார், உ.வே.சா. 1937ல பதிப்பிச்சார், அவர் பாடவேறுபாட்டையும் (சுவடிக்குச் சுவடி சொல் மாறி வர்றதையும்) குடுத்திருக்கார், மூலம் மட்டும் இருக்கற மின்னூல்ல அதெல்லாம் கிடைக்காது.

மதுரைத் திட்டம் 1998 பொங்கல்ல ஆரம்பிச்சது, தன்னார்வலர்கள் உக்காந்து தட்டச்சு பண்ணி மெய்ப்பு பாத்துக் குடுத்தது. ஃபைலோட முதல் பக்கத்தை எடுக்காம பகிருங்கன்னு அவங்களே கேட்டிருக்காங்க. எல்லாரும் தாண்டிப் போற அந்தப் பக்கத்தைப் படிங்க, உள்ளீடு செஞ்சவங்க பேர் இருக்கும், சிலதுல மூலப் பதிப்பும் இருக்கும். நூல் பேர், மதுரைத் திட்டம், மின்னூல் எண், முகவரி, பார்த்த நாள், இவ்வளவும் போட்டா நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

நூலகத்துக்காரி

சார் சொன்னதுக்கு மேல ஒண்ணு, தட்டச்சு பண்ணின மின்னூல் வேற ஸ்கேன் பண்ணின புத்தகம் வேற. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துலயோ இன்டர்நெட் ஆர்க்கைவ்லயோ ஸ்கேன் பாத்தீங்கன்னா அது அந்த அச்சுப் பதிப்பேதான், அதனால பதிப்பாளர் ஆண்டு எல்லாம் போட்டு கூட எங்க பாத்தீங்கன்னும் போடுங்க. பக்க எண் எடுக்கறப்ப கவனம், பிடிஎஃப் ஓரத்துல 231னு காட்டும், தாள்ல அச்சாகியிருக்கறது 198ஆ இருக்கும், ஏன்னா முன்னுரைக்குத் தனி எண் ஓடும், தாள்ல இருக்கறதைத்தான் எடுக்கணும்.

செத்த லிங்க்கை வேபேக் மெஷின்ல (இணையப் பக்கங்களோட பழைய பிரதிகளைச் சேமிச்சு வைக்கற தளம்) போட்டுப் பாருங்க, பழைய பிரதி கிடைச்சா அந்த முகவரியையும் அது சேமிச்ச தேதியையும் சேத்துக் குடுங்க. இப்ப உயிரோட இருக்கறதையும் இன்னைக்கே அங்க சேமிச்சு வைங்க, ஜியோசிட்டீஸ்ங்கற இலவச இணையதள சேவையை 2009ல மூடினப்ப அதுல இருந்த பக்கங்களுக்கான லிங்க் எல்லாம் செத்துச்சு. ஆய்வுக் கட்டுரைக்கு டிஓஐ (கட்டுரைக்குன்னு குடுக்கற நிலையான அடையாள எண்) இருந்தா அதைப் போடுங்க, 10ல ஆரம்பிக்கும், சைட் மாறினாலும் கட்டுரைக்கே கொண்டு போய் விடும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேத்து வைக்கற ஷோத்கங்கா தளத்துல இருக்கற ஆய்வேடுகளுக்கும் அதே மாதிரி நிலையான முகவரி இருக்கு, பிரவுசர் மேல இருக்கறதை காப்பி பண்ணாம அதை எடுங்க. விக்கிபீடியாவை ஆதாரமா வைக்காம அதோட அடிக்குறிப்புல இருக்கற நூலுக்குப் போங்க, அதையே சொல்லணும்னா வரலாறு பக்கத்துல போய் நீங்க படிச்ச அந்த வடிவத்தோட நிலையான லிங்க்கை எடுங்க.

வல்லை வெளி

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இணையம் எண்டால் மதிப்பில்லை எண்டு சொல்லுறதை மட்டும் கேக்காதேங்கோ. 1981ல நூலகம் எரிஞ்ச ஊர் எங்கட ஊர், சில நூலுகளுக்கு ஸ்கேன் பண்ணின பிரதிதான் எங்கட கையில இருக்கிற ஒரே பிரதி. 'நூலகம்' எண்ட பேரில இருக்கிற ஈழத்து மின்னூலகத் தளத்தில ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எண் இருக்கு, நான் அதைத் தவறாமல் போடுவன், முகவரி மாறினாலும் எண்ணை வைச்சுத் தேடலாம்.

குமரித்துறை

பார்த்த நாள் பத்தி ஒண்ணு சொல்லணும். ஏபிஏ, எம்எல்ஏன்னு ஆதாரம் குறிக்கற ரெண்டு ஸ்டைல் இருக்கு, ஏபிஏ 7ஆம் பதிப்புல மாறிட்டே இருக்கற பக்கத்துக்கு மட்டும்தான் அது தேவை, எம்எல்ஏ 9ஆம் பதிப்புல விருப்பம் இருந்தா போடலாம்னு இருக்கு. உங்க யுனிவர்சிட்டி கையேட்டுல எந்த ஸ்டைல்னு பாத்து முதல் இயல்ல இருந்து கடைசி வரைக்கும் அதையே புடிங்க, கலந்தா வைவால கேப்பாங்க. எனக்கு என்னமோ தமிழ் தளங்களுக்கு நாள் போடறதுதான் சரின்னு படுது. அப்புறம் யுஜிசியோட 2018 கருத்துத் திருட்டு விதிப்படி சிமிலாரிட்டி (மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு) 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல, முறையா ஆதாரம் காட்டின மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்குல வராது, அதனால பாட்டை முழுசா குடுக்கறதுக்கு பயப்படாதீங்க.

தேனருவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து மூணாவது இயல்ல இருக்கற 46 மேற்கோளையும் ஒண்ணு ஒண்ணா மின்னூலோட ஒப்பிட்டேன், ரெண்டு இடத்துல அடி எண்ணே தப்பு, அதுவும் அந்த ஆய்வேட்டுல இருந்து வந்ததுதான். பக்க எண் எல்லாத்தையும் எடுத்துட்டேன். மேடத்துக்கு உண்மையைச் சொல்லி மெயில் போட்டேன், திங்கக்கிழமை புதுப் பட்டியலோட வரச் சொல்லியிருக்காங்க. உ.வே.சா. பதிப்போட ஸ்கேனும் கிடைச்சிடுச்சு, பாடவேறுபாட்டுக்காக இப்ப அதைத்தான் படிச்சிட்டு இருக்கேன்.