மகள் "வரமாட்டேன்"னு சொன்னா கோர்ட் கேட்குமா?

கேள்வி: அண்ணா, நாங்க கனடாவுல பிராம்ப்டன் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. லீவுக்கு அம்மாவோட பெரம்பூர் போன மகள் (13 வயசு), பாட்டி வீட்லயே படிக்கிறேன், அங்க வரமாட்டேங்கிறா. மனைவியும் அதே பேச்சுதான். வேற நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்ற ஹேக் ஒப்பந்தத்துல மனு போட்டா திருப்பி அனுப்பிடுவாங்களாமே?

பதில்: தம்பி, பாரிமுனையில ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்துட்டு இங்க வந்தவன் நான். வக்கீல் இல்ல, அதை மனசுல வச்சுப் படி.

ஹேக் நினைப்பை விட்டுடு. 1980ல் வந்த அந்த ஒப்பந்தத்துல கனடா இருக்கு, இலங்கைகூட இருக்கு, இந்தியா சேரல. நம்ம ஒன்டாரியோ மாகாணத்துக் கோர்ட்ல ஆர்டர் வாங்கினாலும் பெரம்பூர்ல அது தானா செல்லாது. ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு (பிள்ளையைக் கோர்ட்ல கொண்டுவந்து நிறுத்தச் சொல்ற மனு) போடணும், இல்லன்னா குடும்பநல கோர்ட்டுக்குப் போகணும். வெளிநாட்டு ஆர்டரையும் பார்ப்போம், ஆனா பிள்ளையோட நலன்தான் முக்கியம்னு சுப்ரீம் கோர்ட் 2017ல் சொல்லிடுச்சு.

மகள் பேச்சுக்கு வருவோம். இந்த வயசுப் பிள்ளைன்னா ஜட்ஜ் சேம்பருக்குக் கூப்பிட்டுத் தனியாப் பேசுவாங்க. "அப்பா வருமானம் நிரந்தரமில்ல, என் எதிர்காலம் பாதிக்கும்"னு ஒப்பிச்சா, யார் சொல்லிக்கொடுத்ததுன்னு அவங்களுக்குத் தெரியாதா? "ஸ்கூல்ல என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறாங்க, மத்தியானம் தனியா உக்காந்து சாப்பிடுறேன்"னா அதுக்கு மதிப்பே வேற. அதனால வாட்ஸ்அப்ல "அப்பாகிட்ட வரேன்னு சொல்லும்மா"ன்னு வீடியோ கேட்டு வாங்காதே. உனக்கே அது எதிரா வரும்.

ஹேக் நாடுகள்லயும் பிள்ளை விருப்பம் மட்டும் போதாது. போகவே மாட்டேன்னு எதிர்ப்பு இருக்கணும், அதைச் சொல்ற வயசும் பக்குவமும் இருக்கணும்னு 13ஆவது பிரிவு சொல்லுது. இத்தனை வயசுன்னு கணக்கு கிடையாது. 16 முடிஞ்சா ஒப்பந்தமே பொருந்தாது.

நம்ம ஊர்லயும், பிள்ளை ஆசைப்படுறது வேற, பிள்ளைக்கு நல்லது வேறன்னு 2022ல் சுப்ரீம் கோர்ட் பிரிச்சுப் பார்த்துச்சு. அமெரிக்காவுல பிறந்த பையன், பெங்களூர்ல அம்மாகிட்ட இருந்தான். திருப்பி அனுப்பச் சொன்னாங்க. 2009ல் இன்னொரு வழக்கு. ஏழு வயசுப் பையனை சி.பி.ஐ. தேடிக் கண்டுபிடிச்சது சென்னையிலதான். அம்மா ஊர் ஊரா, ஸ்கூல் ஸ்கூலா மாத்தினதால இந்தியாவுல அவன் வேர் விடலன்னு முடிவாகி, அவனையும் அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னாங்க.

உன் கதை அப்படி இல்ல. அந்தப் பசங்களுக்கு அமெரிக்காதான் வீடு. உன் பொண்ணு எல்.கே.ஜி.யிலிருந்து படிச்சது பெரம்பூர்ல. கனடா அவளுக்கு ஒரு குளிர்காலம்தான். ஜட்ஜ் அதைக் கட்டாயம் பார்ப்பார். உனக்குக் கசக்கும், ஆனா நான் ஜட்ஜா இருந்தாலும் அதைத்தான் பார்ப்பேன்.

கேள்வி (வேறொருவர்): அண்ணா, அடிக்குப் பயந்து பிள்ளை வரமாட்டேன்னா?

பதில்: அது வேற விஷயம்மா. ஹேக் ஒப்பந்தத்துலயே கடுமையான ஆபத்து இருந்தா அனுப்ப வேண்டாம்னு இடமிருக்கு. டாக்டர் சீட்டு, போலீஸ் புகார்னு எது இருந்தாலும் பத்திரமா வை.

தம்பி, ஹைகோர்ட் வளாகத்துலயே சமரச மையம் இருக்கு, 2005லிருந்து நடக்குது. மனைவி ஒத்துக்கிட்டா முதல்ல அங்க உக்காந்து பேசுங்க. தள்ளிப்போடாதே, ஜூன்ல அங்க ஸ்கூல் சேர்த்துட்டா அதுவும் அவங்க பக்கம் சேரும். வக்கீலைப் பார்க்கப் போறப்ப ரெண்டு ஊர் ரிப்போர்ட் கார்டும், ரிட்டர்ன் டிக்கெட்டும் எடுத்துக்க. எந்தத் தேதிக்குத் திரும்புறதா ரெண்டு பேரும் பேசி வச்சீங்கன்னு அந்த டிக்கெட்லதான் இருக்கு.