ஒரிஜினல் ரிம்மில் டிஸ்க் பிரேக்: 5 மி.மீ. ஸ்பேசர் போதுமாம்!

மைனர்_பீடோர்:
நம் பழைய பிரிட்டிஷ் கார் மோரிஸ் மைனரைப் பற்றி, பேராக் தாப்பாவிலிருந்து ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார்: "மோரிஸ் மைனருக்கு ஒரிஜினல் 14 அங்குல ரிம்மை மாற்றவே வேண்டாம், எந்தக் காடியின் (காரின்) டிஸ்க் பிரேக்கையும் போடலாம், இடித்தால் சக்கரத்துக்குப் பின்னால் 5 மி.மீ. தகடு (ஸ்பேசர்) வைத்தால் தீர்ந்தது." படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ரிம்மில் இரண்டு இடத்தில் இடிக்கும். நட்டு மாட்டும் முகப்பில் இடித்தால் ஸ்பேசர் உதவும், சரி. ரிம்மின் உள்வட்டத்தில் இடித்தால்? ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளும், அவ்வளவுதான். 5 வைத்தாலும் 15 வைத்தாலும் வட்டம் பெரிதாகாது. இதை நம்பி நாலு பையன்கள் காசைத் தொலைக்கப் போகிறார்கள்.

தாப்பா_டிஸ்க்:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணே, பெயர் போட்டே எழுதலாம், பயம் எதற்கு? என் மைனரில் டிஸ்க் இருக்கிறது, ஸ்பேசர் இருக்கிறது, ஒரிஜினல் ரிம் இருக்கிறது, குரோம் மூடிகூட அப்படியே இருக்கிறது. ஓடுகிற காடியைப் பார்த்து ஓடாது என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? 5 மி.மீ. போதும்.

மைனர்_பீடோர்:
ஓடாது என்று நான் எங்கே எழுதினேன்? "எந்தக் காடியின் டிஸ்க்கும்" என்று எழுதியது நீங்கள். உங்களுக்குக் கிடைத்த காலிப்பர் சிறியது, அதனால் உள்ளே அடங்கியது. பெருமை காலிப்பருக்குப் போக வேண்டும், ஸ்பேசருக்கு இல்லை. இன்னொன்று, 14 அங்குலம் என்பது டயர் உட்காரும் விளிம்பின் அளவு. ரிம்மின் நடுவில் டயரை ஏற்றி இறக்க ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே வட்டம் இன்னும் சிறியது. காலிப்பர் போய் முட்டுவது அந்தப் பள்ளத்தின் அடியில்தான்.

தாப்பா_டிஸ்க்:
அப்படியே வைத்துக்கொள்வோம். ஸ்பேசர் வைத்தால் அந்தப் பள்ளமும் சேர்ந்து வெளியே நகருமா நகராதா? நகரும். காலிப்பர் தப்பிக்கும். நீங்களே எழுதி நீங்களே மாட்டிக்கொண்டீர்கள்.

மைனர்_பீடோர்:
அகல ரிம்மாக இருந்தால் அந்த வாதம் நிற்கும். மைனரின் ரிம் ஒடுங்கியது, பள்ளமே பெரும்பகுதி அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. 5 மி.மீ. நகர்ந்து எங்கே போகும்? ரிம்மைக் கழற்றி உள்பக்கம் ஒரு தடவை பாருங்கள், தயவுசெய்து.

மினி_சுங்கை:
சுங்கையிலிருந்து நான் ஒன்று சொல்கிறேன். மினி கார் 1959இல் வந்தபோது 10 அங்குல ரிம். 1961இல் மினியின் கூப்பர் மாடலுக்கு 7 அங்குல டிஸ்க், 1963இல் கூப்பர் எஸ்ஸுக்கு 7.5. இரண்டும் 10 ரிம்முக்குள்ளேயே. 8.4 அங்குல டிஸ்க் போட நினைத்தபோது மினியின் 1275 ஜிடி மாடலுக்கு 1974இல் ரிம்மையே 12 ஆக்கினார்கள். ஸ்பேசரால் முடியும் என்றால் கம்பெனிக்காரன் எதற்குப் புது ரிம், புது டயர் என்று செலவு செய்தான்?

தாப்பா_டிஸ்க்:
மைனரைப் பற்றிப் பேசும் இடத்தில் மினியை யார் கூப்பிட்டது? 10 அங்குல ரிம் வைத்திருப்பவருக்கு 14 ரிம்மின் அருமை புரியாது. என் காடி உரிமையாளர் பெயர் மாற்றும்போது வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பிரேக் சோதனை முடித்து வெளியே வந்தது. அங்கே இருப்பவர்களைவிட உங்கள் இருவருக்கும் அதிகம் தெரியுமோ?

கிராணி_பேரன்:
டிஸ்க்கே எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே. 1962இல் மைனருக்கு 1098 சிசி இஞ்சின் வந்தபோதே முன் டிரம் பிரேக்கை 8 அங்குலம் ஆக்கிவிட்டார்கள். என் தாத்தா எஸ்டேட்டில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், டிரம் மைனரில்தான் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போய் வந்தார். டிரம்முக்குள் அழுத்தும் பிரேக் ஷூவை மாற்றி, டிரம்மைச் சுத்தம் செய்து, அட்ஜஸ்ட் செய்து வைத்தால் சக்கரம் பூட்டும் அளவுக்குப் பிடிக்கும். சக்கரம் பூட்டிய பிறகு காடியை நிறுத்துவது டயர்தான், டிஸ்க் இல்லை. பழைய காடியை வெட்டி ஒட்டுபவர்கள் ஒரு மைவி காரையே வாங்கிக்கொள்ளலாம்.

மைனர்_பீடோர்:
தம்பி, ஒரு தடவை அழுத்தி நிறுத்துவதற்கு நீங்கள் சொல்வது சரி. மலை இறக்கம் வேறு கதை. கேமரன் மலையின் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே. ரிங்லெட் தாண்டி லாத்தா இஸ்கந்தார் வரைக்கும் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், ஷூவிலிருந்து தள்ளிப் போகும், பெடல் கீழே இறங்கும், லைனிங் பிடியும் குறையும். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். தாத்தா இரண்டாம் கியரில் இறங்கியிருப்பார், அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்கு அது தெரியும். இப்போது பின்னால் ஹைலக்ஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது, முன்னால் காய்கறி லோரி, இடையில் நாம்.

புஸ்பாகோமில் பார்ப்பது உருளையில் சில விநாடிப் பிடி. அரை மணி நேரம் இறக்கத்தில் காய்ந்த பிரேக்கை அங்கே யாரும் பார்ப்பதில்லை. பிரேக் எண்ணெயாவது மாற்றினீர்களா? டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கும். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. நம் ஊர் மழைக்கு எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் ஈரம் குடிக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

தாப்பா_டிஸ்க்:
ஸ்பேசரில் தோற்றவுடன் எண்ணெய்க்குத் தாவிவிட்டார்.

மைனர்_பீடோர்:
யார் தோற்றது? சரி, ஸ்பேசருக்கே வருகிறேன். 5 மி.மீ. வைத்தால் போல்ட்டில் நட்டு ஏறும் நீளமும் 5 மி.மீ. குறைகிறது. போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அந்த அளவாவது மரை ஏறியிருக்க வேண்டும் என்று எந்தப் போர்மேனும் சொல்வார். நீளப் போல்ட் போட்டீர்களா? சக்கரம் வெளியே தள்ளினால் பேரிங்குக்கும், முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மரை இணைப்பான ட்ரனியனுக்கும் பாரம் கூடும். கிரீஸ் காணாத ட்ரனியன் மரை தேய்ந்து கழன்றால் மைனரின் முன் சக்கரம் மடிந்து படுத்துவிடும், இது ஊரறிந்த விஷயம். அப்புறம் பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்காக அதற்குள் இருக்கும் வால்வை அப்படியே விட்டால் டிஸ்க் பேட் உரசிக்கொண்டே ஓடும். அதை என்ன செய்தீர்கள்?

தாப்பா_டிஸ்க்:
மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி நீங்கள் பேசலாமா அண்ணே? தீபாவளிக்கு முன்னால் "புதுசு மாதிரி" என்று எனக்கு விற்றீர்களே ஒன்று, திறந்தால் உள்ளே துரு. 150 வெள்ளி. அதை இன்னும் மறக்கவில்லை.

மைனர்_பீடோர்:
ரிப்பேர் கிட் போட்டுத்தான் பொருத்த வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். காசு கொடுத்தது பாதி, மீதி இன்னும் வரவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிராணி_பேரன்:
இதற்குத்தான் டிரம்மே போதும் என்கிறேன்.

மினி_சுங்கை:
8.4 டிஸ்க்குக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இருக்கட்டும்.

தாப்பா_டிஸ்க்:
மினிக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பீடோர் பசாருக்குக் காடியைக் கொண்டுவருகிறேன், கண்ணால் பாருங்கள்.

மைனர்_பீடோர்:
கொண்டுவாருங்கள். காலிப்பர் எந்தக் காடியுடையது என்று முதலில் இங்கே எழுதுங்கள், மூன்று தடவை கேட்காமலே கேட்டுவிட்டேன். அங்கே வந்ததும் ஸ்பேசரைக் கழற்றி, காலிப்பர் மேல் களிமண் ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றுவோம். களிமண் முகப்பில் நசுங்குகிறதா உள்வட்டத்தில் நசுங்குகிறதா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

தாப்பா_டிஸ்க்:
ஸ்பேசரை எதற்குக் கழற்ற வேண்டும்? கழற்ற மாட்டேன். 5 மி.மீ. போதும்.