டேட்டாபேஸ் சந்தேகம் கேட்பது: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

டேட்டாபேஸ் சந்தேகங்களுக்கு ரொம்ப நாளாகப் பதில் சொல்லி வருகிறேன். "குவெரி ஸ்லோவாக ஓடுகிறது, என்ன செய்வது?" என்று ஒற்றை வரியில் கேள்வி வந்தால், உதவ மனம் இருந்தும் வழி தெரியாது. எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன், தேடலை வேகமாக்க என்ன இண்டெக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் கேட்டவருக்கே பொறுமை போய்விடும்.

அப்படி வந்த ஒருவர், தன்னுடையது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றார். குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்ற பிளானைக் காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ கட்டளையைக் கொடுத்து, வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் டெக்ஸ்டாகவே ஒட்டச் சொன்னேன். ஒட்டியதும் விஷயம் கண்ணில் பட்டுவிட்டது. முந்தைய நாள் தேதிக்கு 1 வரிதான் வரும் என்று, அந்த வழியை முடிவு செய்யும் பிளானர் கணக்குப் போட்டிருந்தது. உண்மையில் வந்தது 4 லட்சம். ஒரு வரிதானே என்று, ஒவ்வொரு வரிக்கும் அடுத்த டேபிளைத் தேடும் நெஸ்டட் லூப்பில் இறங்கி, 4 லட்சம் தடவை தேடியிருக்கிறது. முந்தைய இரவுதான் அந்த டேட்டாவை மொத்தமாக ஏற்றியிருக்கிறார். ஏறக்குறைய 10% வரிகள் மாறினால்தான் பிளானர் கணக்குப் போட நம்பும் புள்ளிவிவரம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்பது போஸ்ட்கிரஸின் இயல்பான அமைப்பு. 1 கோடி வரி உள்ள டேபிளுக்கு 4 லட்சம் போதாது. அதைப் புதுப்பிக்கக் கையால் ஒரு ‘அனலைஸ்’ கொடுத்ததும், நிறைய வரிகளை இணைக்க ஏற்ற ஹேஷ் ஜாயினுக்கு மாறி, சட்டென்று முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ குவெரியை நிஜமாகவே ஓட்டும். அப்டேட், டெலீட் என்றால் ‘பிகின்’ போட்டு ஓட்டிவிட்டு, ‘ரோல்பேக்’ கொடுத்து மாற்றத்தை ரத்து செய்துவிடுங்கள்.

*

பிளான் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. நான் மாதிரி டேட்டா பற்றிச் சொல்கிறேன்.

ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களைத் தேட, ‘இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்’ என்று கேட்கும் ‘நாட் இன்’ எழுதியிருந்தார் ஒருவர். ஒரு வரிகூட வரவில்லை. பார்த்துப் பார்த்து எழுதிய கேள்வி அது. டேபிளை உருவாக்கும் கட்டளை, நாலைந்து இன்சர்ட், வர வேண்டிய விடை எல்லாம் இருந்தது. ஆனால் நாங்கள் ஓட்டினால் சரியான விடைதான் வந்தது! கேள்விக்கென்று சுத்தமான வரிகளைப் புதிதாக எழுதியிருக்கிறார். நிஜ ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண் ‘நல்’ (மதிப்பே இல்லை) என்று இருந்த வரிகள் அதில் விடுபட்டுப்போயின. உள் குவெரி தரும் பட்டியலில் ஒரே ஒரு ‘நல்’ இருந்தாலும் போதும், ‘நாட் இன்’ எந்த வரியையும் உண்மை என்று ஏற்காது. பொருந்தும் ஆர்டர் வரி இல்லையா என்று பார்க்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றி எழுதியதும் பட்டியல் வந்துவிட்டது.

அப்புறம் யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். பெயர், ஃபோன் எண்ணைக் கட்டாயம் மாற்றுங்கள். டேட்டாவில் இருக்கும் கோளாறை மட்டும் துடைத்துவிடாதீர்கள். அனுப்பும் முன் ஒரு காலி டேட்டாபேஸில் அந்த மாதிரியை ஓட்டி, அதே பிரச்சினை அங்கேயும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அதுவே பெரிய துப்பு.

*

என் பங்குக்கு ஒன்று. ஒரே ஃபீல்டில் கமா போட்டு அடுக்கிய அனுமதி எண்களை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் கேட்டார். ஆளாளுக்கு ஒரு வழி சொன்னோம். எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான், எந்தப் பயனருக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று தேட வேண்டும் என்றார். அதற்குப் பிரிக்கவே தேவையில்லை, பயனருக்கும் அனுமதிக்கும் இடையில் ஒரு டேபிள் வைத்து ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு வரி போட்டால் இண்டெக்ஸும் ஒழுங்காக வேலை செய்யும். அவர் வெர்ஷனையும் சொல்லவில்லை. அதனால் ஒருவர் மெனக்கெட்டு, பட்டியலை வரிகளாகப் பிரித்துத் தரும் ‘ஜேசன் டேபிள்’ வைத்து எழுதிய விடை வீணாகிவிட்டது. அவரிடம் இருந்தது 5.7, அந்த வசதி 8.0இல்தான் வந்தது.